பல்வலிக்கு மருந்து

விடிந்ததும் கோபால்சாமியின் வீட்டு வாசலில் கூட்டம். ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாங்க வேணும்?" என்றான் கோபால்சாமி.

"ஒம் பொண்ணு தலையத் தடவுனா பல்லுவலி போய்டுமாமே!" என்றார் முன்னால் நின்ற பெரியவர் சக்கரவர்த்தி.

ரத்தப் புற்றுநோய்க்கு வேலூரில் வைத்தியம் முடிந்து, முடியெல்லாம் உதிர்ந்து ஊர் திரும்பிய கோபால்சாமியின் சின்ன மகள் பச்சையம்மாவைக் கண்டதும், நோய் ஒட்டிக்கொள்ளும் என்று ஊருக்கு வரும் ஷேர் ஜீப்பை விட்டே இறங்கிப் போனவர் அவர். இப்போது அந்த மொட்டைத் தலையை ஆசையாகத் தடவினார். அவர் பேத்தியும் தடவினாள். பச்சையம்மா கூச்சம் தாங்காமல் விழுந்து விழுந்து சிரித்தாள். சற்று நேரத்தில் சிறுமிகள் இரண்டு பேரும் புளியமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கோபால்சாமி கொதிப்போடு உள்ளே போனான். "எவன் கெளப்பிவுட்ட புரளி இது? எம் பொண்ணு இன்னா சாமியா? அவனச் சும்மா வுட மாட்டேன்!"

அடுப்படியில் இருந்த அவன் மனைவி அம்மாக்கண்ணு நிமிர்ந்தாள்.

"நான்தான். தொட்டா ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னத வூடு வூடாப் போய்ச் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல. தொட்டா பல்லுவலி போகும்னு கெணத்தடியில ஒரே ஒருத்திகிட்ட சொன்னேன்."

வெளியே மகளின் சிரிப்பு கேட்டது. கோபால்சாமி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"முட்டிவலிக்கும் கேக்கும்னு சொல்லிவுடட்டா?" என்றான்.