மறதிக்காரி

"என்னங்க, உப்பு சொல்ல மறந்துட்டேன்."

தம்பி அப்போதுதான் சோப்பு வாங்கி வந்து உட்கார்ந்திருந்தான். எழுந்து மறுபடி தெருமுனைக் கடைக்குப் போனான்.

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவனைப் பார்க்க வந்திருந்த அக்கா, காலையிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதலில் தீப்பெட்டி. அப்புறம் பேப்பர். அப்புறம் சோப்பு.

அதற்கு மேல் பொறுக்கவில்லை. சமையலறைக்குள் போனாள்.

"ஏம்மா, நெஞ்சுவலிக்காரனை இப்படியா விரட்டுவே? எல்லாத்தையும் ஒரே தடவையா சொல்லி அனுப்பினா குறைஞ்சா போயிடுவே?"

தம்பி மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு அலமாரியைத் திறந்து காட்டினாள். உப்பு மட்டுமே நாலு பாக்கெட் இருந்தது.

"அவர் கையில ஒரு பட்டை இருக்கே, பார்த்தீங்களா அண்ணி? நாடித்துடிப்பைப் பார்த்து டாக்டருக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். அதுக்கு சார்ஜ் போடுறது கிடையாது. கை ஆட ஆட, அதுலேர்ந்தே கரெண்ட் எடுத்துக்கும். பகலெல்லாம் இவர் உட்கார்ந்தே இருந்தார்னா அதுவும் படுத்துடும்."

"படுத்தா என்ன?"

"போன வாரம் படுத்துடுச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணி, 'ஐயா இருக்காரா?'ன்னு கேட்டாங்க. இவர் பக்கத்துல உட்கார்ந்து டிவி பார்த்துக்கிட்டிருந்தார். எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது."

"நடக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். டிரில் மாஸ்டரா இருந்தவராச்சே. 'விசில் அடிச்சுப் பள்ளிக்கூடத்தையே ஓட வெச்சவன் நான், நோயாளி மாதிரி தெருவைச் சுத்தணுமா'ன்னார். அதான், மறந்துபோறேன்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கூடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

தம்பி உப்போடு வந்தான்.

"எனக்கு ஒரே தலைவலிடா. மாத்திரை எடுத்துவர மறந்துட்டேன்" என்றாள் அக்கா.

அவன் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தணித்தான்.

"உன்கிட்டயும் சொல்லிட்டாளா? எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதேக்கா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் அவ சிரிக்கிறது, என்னை ஏமாத்திட்டோம்னு நினைக்கிறப்ப மட்டும்தான்."