கழன்ற வயர்

“புதுசுன்னு சொல்லிட்டு, எங்கேயோ கழட்டின பழசைத்தானே மாட்டிட்டுப் போனீங்க?”

மெக்கானிக்கைக் கருவிப் பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை மகன். ஆபீசுக்கு நேரமாகிற எரிச்சல் வேறு.

“உங்க கண்ணு முன்னாடிதானே சார் பெட்டியைப் பிரிச்சேன்?”

“அப்புறம் ஏன் மறுபடியும் ஸ்டார்ட் ஆகலை?”

நியாயமான கேள்விதான். போன வாரம் காரில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. மெக்கானிக் ஸ்பேனரால் மோட்டாரை லேசாகத் தட்டியதும் எஞ்சின் ஓடியது.

“உள்ளே கார்பன் தேஞ்சுபோச்சு. இன்னிக்குத் தட்டினா ஓடும், நாளைக்கு நடுரோட்டுல நிக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாத்திடுங்க” என்றார் அன்றைக்கு. மாற்றியாயிற்று. இப்போது மறுபடியும் இந்தக் கூத்து.

பள்ளிப் பையோடு பேத்தி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாவியோடு பெரியவர். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை என்பது அந்த வீட்டில் பேத்தி வரைக்கும் மனப்பாடம். அவளைத் தினமும் பள்ளியில் கொண்டுபோய் விடுவது அவர்தான்.

கார் கெட்டுக் கிடந்த நாட்களில் அவள் வேனில் போனாள்.

“இனிமே வேன்லயே போகட்டுமேங்க” என்று மருமகள் சொன்னதற்கு, மகன் அவள்மேல் பாய்ந்துவிட்டான்.

“அப்பாவுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அது. அதையும் பிடுங்கணுமா உனக்கு?”

மெக்கானிக் முன்விளக்கைப் போட்டுப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. பேட்டரியில் குறையில்லை. பெரியவரிடம் சாவியை வாங்கித் திருப்பிவிட்டு, அவரிடமே கொடுத்தார். ‘டிக்’ சத்தம்கூட இல்லை. டார்ச்சை அடித்து எஞ்சினுக்குள் குனிந்தவர், சற்று நேரம் நிமிரவே இல்லை.

“மோட்டார் நல்லா இருக்கு சார். சாவியைத் திருப்பினதும் அதை ஓடச் சொல்றது இந்த மெல்லிசு வயர்தான். அது கழன்று தொங்குது.”

“ஒழுங்கா மாட்டியிருக்க மாட்டீங்க.”

“கிளிப் வச்ச வயர் சார். தானா கழலாது. கிளிப்பை அமுக்கிப் பிடிச்சு யாரோ பிடுங்கியிருக்காங்க.”

மகன் மெல்லத் திரும்பி, கதவருகே நின்ற மனைவியைப் பார்த்தான்.

“நீயா?”

அவள் மாமனாரைப் பார்த்தாள். பெரியவர் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா. நான்தான்.”

“வாயால சொல்லி நடக்கலைன்னதும் வயர்ல கைவச்சிட்டியா? அந்த மனுஷன் உனக்கு என்ன பாவம் பண்ணினார்? கேளு, அப்பாகிட்ட மன்னிப்பு கேளு!”

“மன்னிச்சிடுங்க மாமா.”

குரலில் வருத்தத்தைக் காணோம். இப்படியும் ஒரு மருமகளா என்று மெக்கானிக்குக்கே கசந்தது. குனிந்து வயரை மாட்டினார். இழுத்தும் பார்த்தார்.

“இனிமே பிரச்சினை இல்லை. ஸ்டார்ட் பண்ணுங்க ஐயா.”

பெரியவர் உள்ளே உட்கார்ந்தார். சாவித் துவாரத்தை விரலால் தடவித் தேடிச் சாவியைப் போட்டார். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

“கிளம்புங்கப்பா. இவ கிடக்கிறா” என்றவன் மகளைப் பார்த்தான். “நீ ஏறு கண்ணு.”

பேத்தி ஓடினாள். மருமகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“விடுடி!”

“மாட்டேன். நான் நடத்தியே கூட்டிட்டுப் போறேன்.”

“என்ன திமிர் இருந்தா...” மகன் குழந்தையின் இன்னொரு கையைப் பிடித்து இழுத்தான். குழந்தை வீறிட்டது. அவள் பிடியை விடவில்லை.

எஞ்சின் நின்றது.

பெரியவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

“அவளைத் திட்டாதேடா. அவளுக்கு பானட்டைத் திறக்கக்கூடத் தெரியாது. வயரைக் கழட்டினது நான்.”

“அப்பா...?”

“கண்ணு போயிட்டிருக்குடா. எதிர்ல நிக்கிறது மனுஷனா கம்பமான்னு தெரியலை. அன்னிக்குப் பள்ளிக்கூட வாசல்ல ஒரு குழந்தை குறுக்கே ஓடிச்சு. சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதிச்சேன். பின்னாடி சீட்ல நம்ம குழந்தை பாட்டுப் பாடிட்டிருக்கு. வண்டி கெட்டுப்போன அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். நீ புது மோட்டார் மாட்டிட்டே.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா?”

“எங்கப்பா மாதிரி ஓட்ட ஆள் கிடையாதுன்னு பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்றே. உன்கிட்ட எப்படிடா சொல்றது?”

மெக்கானிக் சத்தம் வராமல் பானட்டை மூடினார். மகன் குழந்தையின் கையை விட்டான். மனைவியின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“நீ பண்ணலைன்னா, ஏன் பண்ணினேன்னு சொன்னே?”

மருமகள் அழுகிற குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“துவைக்கப் போட்ட மாமாவோட சட்டைக் கையில கிரீஸ் இருந்துச்சுங்க. ஓட்ட முடியலைங்கிறதை அவர் வாயால சொல்ல வச்சிடக் கூடாதுன்னு பார்த்தேன். முடியலை.”