ஏழு ஆப்புகள்

ராசிபுரத்துக்கு மேற்கே, சோளக்காட்டு மேட்டில், நட்டுவைத்த நான்கு பலகைக் கற்களின்மேல் ஒரு மூடுகல் கிடக்கிறது. பாண்டவர்கள் குடியிருந்த வீடென்று ஊரார் அதைப் 'பாண்டவர் ஊடு' என்பார்கள். கல்லுடைக்கிற மாதையன் அந்த மூடுகல்லின் முதுகில் வரிசையாக ஏழு குழி வெட்டி, காய்ந்த மரத்தில் ஆப்பு செதுக்கி இறுக்கி, காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டான். இனிச் சம்மட்டிக்கு வேலையில்லை. மரம் ஊறிப் பருத்தால் கல் தானாகப் பிளக்கும். ஓடைப் பாலத்துக்கு இரண்டு பலகை கிடைக்கும். போன வாரம் இந்தக் கல்லைக் காட்டிவிட்டதே மணியக்காரர்தான். அவரே இப்போது உச்சி வெயிலில், குடையை மடக்காமல் நின்று, தாலுகா கச்சேரிக் காகிதத்தை வாசிக்கிறார். இது ஆதிகாலத்துச் சமாதியாம். சர்க்கார் காபந்து பண்ணுகிறதாம். இன்று முதல் யாரும் தொடக் கூடாதாம். மாதையனின் காது கல்லின்மேல் இருக்கிறது. ஈர மரம் முனகுகிறது. "ஏனுங்க சாமி, ஆப்பு ஊறிட்டு இருக்குதுங்க. இப்பவே புடுங்கிப்போடோணும்" என்று கடப்பாரையோடு ஓரடி எடுத்துவைக்கிறான். "கைய வெச்சீன்னா ஜெயிலுதான். எட்டி நில்லு." "உட்டா வெடிச்சுப்போயிருமுங்க." "தொடக் கூடாதுன்னு எழுதியிருக்குது மாதையா. தாசில்தாரைக் கேட்டுட்டு வாரேன், அது வரைக்கும் இரு." மணியக்காரர் வண்டியேறுகிறார். அவரோடு வந்த ஊர்க்காவல் தலையாரி கல்லைச் சுற்றிக் கயிறு கட்டுகிறான். மாதையன் கயிற்றுக்கு வெளியே குந்தி, இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொள்கிறான். தலையாரி கடைசி முடிச்சை இறுக்குகையில், மூன்றாவது ஆப்புக்கும் நான்காவதுக்கும் நடுவே மயிரிழைபோல ஒரு கோடு ஓடுகிறது.