ஞாயிறு மூன்று மணி ஆட்டம்

"மூணு மணிக்குள்ள முடிச்சிடணும்மா. பையன் விளையாட உக்காந்துடுவான்" என்று மூன்றாம் முறையாகச் சொன்னார் சாமிக்கண்ணு. கணினியை மோட்டார் சைக்கிளில் கயிற்றால் கட்டிக்கொண்டு, நியாலாஸிலிருந்து ஜாசின் பட்டணத்துக்கு அரக்கப் பரக்க வந்திருந்தார் அவர்.

கணினி பழுதுபார்க்கும் கடைக்காரப் பெண் புனிதா திரையை உற்று நோக்கினாள். "ரெண்டு வருஷமா ஒரு அப்டேட்டும் போடல அங்கிள். அப்புறம் எப்படி கேம் ஓடும்? பின்னால பாத்துக்கலாம்னு தள்ளித் தள்ளி வச்சா இப்படித்தான், ஒருநாள் கதவ சாத்திடும்."

"போன ஞாயித்துக்கிழமையே சாத்திடுச்சும்மா. ஒரு வாரம் வீணாப் போச்சு."

"பையனுக்கு எத்தன வயசு?"

"இருபத்தேழு."

புனிதா கலகலவென நகைத்தாள். "ஐயோ! இருபத்தேழு வயசு ஆம்பளைக்கு அப்பா கம்ப்யூட்டர் தூக்கிட்டு வரணுமா? ரொம்பச் செல்லம் குடுக்குறீங்க!"

செல்லம் என்ற சொல் சாமிக்கண்ணுவின் நெஞ்சில் முள்ளெனத் தைத்தது.

இரண்டேகால் மணிக்கு வேலை முடிந்தது. "சிஸ்டம் புதுசாயிடுச்சு அங்கிள். பழைய செட்டிங் எல்லாம் போயிருக்கும். தொறந்தா ஒவ்வொண்ணா கேக்கும், படிச்சிப் பாத்து அழுத்தச் சொல்லுங்க. இனிமே அப்டேட் வந்தா உடனே போட்டுடணும்."

வீட்டுப் பூட்டைத் திறந்து அவர் உள்ளே நுழைந்தபோது மணி இரண்டு ஐம்பது. வரவேற்க ஒருவரும் இல்லை. கணினியை மேசையில் ஏற்றி, கம்பிகளைச் செருகி, காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு, அதன் முன் அவரே அமர்ந்தார்.

மகன் நிவேந்திரன் அந்த வீட்டில் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன், படிப்பு பாழாகிறதே என்னும் சினத்தில் அவனுடைய கணினியை வாசலில் போட்டு உடைத்தார் சாமிக்கண்ணு. அன்று மாலையே ஜொகூருக்குப் போனவன், இன்றுவரை தந்தையின் தொலைபேசி அழைப்பை ஒருமுறைகூட எடுத்ததில்லை.

மகள் மலர்விழிதான் வழி காட்டினாள். பழைய கணினி ஒன்றை வாங்கி வைத்து, தந்தைக்கு 'வெள்ளைப்புலி' என்று பெயர் சூட்டி, யாரென்று அண்ணனிடம் சொல்லாமலே அவனுடைய இணைய விளையாட்டுக் குழுவில் அவரைச் சேர்த்துவிட்டாள். அன்றுமுதல் ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு, தந்தையும் மகனும் தோளோடு தோள் நின்று எதிரிகளைச் சுட்டு வீழ்த்தி வருகிறார்கள்.

ஒலிவாங்கியை மட்டும் அவர் மூடியே வைத்திருப்பார். தம் குரலைக் கேட்டால் அவன் இங்கிருந்தும் போய்விடுவானே!

இன்று திரை கேள்விமேல் கேள்வி கேட்டது. மணி மூன்றைத் தொட்டுவிட்டது. ஆற அமரப் படிக்க நேரமேது? எல்லாவற்றுக்கும் 'சம்மதம்' என்று அழுத்திக்கொண்டே போனார். ஆட்டம் திறந்தது.

"டேய், புலி வந்துடுச்சுடா!" என்று கூவினான் குழுவில் மூன்றாமவனான கோகுலராஜ். "இது உள்ள வந்தாதான் நிவேன் வாயில கெட்ட வார்த்தை வராது. போன வாரம் புலி இல்ல, என் காது கிழிஞ்சி போச்சுலா!"

"பேசாம சுடுடா" என்றது மகனின் குரல்.

கெட்ட வார்த்தையா? தம் பிள்ளையா? கோகுலராஜ் கதை அளக்கிறான் என்று சாமிக்கண்ணு தமக்குள் சிரித்துக்கொண்டார்.

நிவேந்திரன் இருமினான். மீண்டும் இருமினான். ஒவ்வொரு வாரமும் திரையோடு தனியே பேசுவது போலவே இன்றும் அவர் பேசினார்.

"என்னாய்யா, இருமல் விடலியா? மிளகு தட்டிப் போட்டுக் குடிய்யா. அப்பா அன்னைக்குச் செஞ்சது தப்புதான். ஒரே ஒருதடவ வீட்டுக்கு வந்துட்டுப் போயேன்."

துப்பாக்கிச் சத்தம் சட்டென்று நின்றது.

"டேய்... யாருடா பேசுனது?" என்றான் கோகுலராஜ்.

திரையின் மூலையில், ஒலிவாங்கி திறந்திருப்பதைக் காட்டும் சின்னம் பச்சையாய் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இனி திரையிலிருந்து மகனின் பெயர் மறைந்துவிடும், இந்த ஞாயிறும் தம் கையைவிட்டுப் போய்விடும் என்று சாமிக்கண்ணு மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

பெயர் மறையவில்லை. தாழ்ந்த குரலில் நிவேந்திரன் சொன்னான்:

"எப்பவும் போல மைக்க அடைச்சிட்டு விளையாடுங்கப்பா."