துவைத்த ஸ்பாஞ்ச்

"இஞ்சினுக்குள்ள மண்ணு போயிருந்தா வாரண்டி கிடையாது மேடம். ஓட்டுனவங்க தப்புன்னு கம்பெனி எழுதிரும்" என்றார் டீலர் கடை மெக்கானிக் முகமது யூசுப், ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே.

மேடம் என்றது என் மனைவி தாரிணியை. வண்டி அவளுடையது, மண்மேடுகளில் ஏறிக் குதிக்கிற டர்ட் பைக். கல்யாண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

மூன்று வாரத்துக்கு முன் டிராக்கின் நடுவிலேயே இஞ்சின் இறுகிப்போய் நின்றுவிட்டது. அடுத்த மாதம் அவளுக்கு முதல் ரேஸ்.

நான்தான் ரொம்ப முறுக்கிட்டேன் என்று அன்றிலிருந்து ஒரே புலம்பல். ரேஸ் வேண்டாம், பெயரை எடுத்துவிடுகிறேன், இந்த வண்டிக்கெல்லாம் நான் லாயக்கில்லை என்கிற அளவுக்குப் போய்விட்டாள்.

மண் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

வண்டி நின்றதற்கு முந்தின வாரம் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அன்றைக்கு ஆணியடிக்கிற சுத்தியலைக்கூடக் குளிப்பாட்டாமல் விடமாட்டோம். தாரிணியின் வண்டியை விடுவேனா? சீட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு ஸ்பாஞ்ச், கை வைத்தாலே எண்ணெய்ப் பிசுக்கு. சீ என்று ஆகிவிட்டது. சோப்புப் போட்டு மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, திரும்ப மாட்டி, வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

இஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டுவது அந்த ஸ்பாஞ்ச், அதிலுள்ள எண்ணெய்தான் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது என்பதை வண்டி நின்ற மறுநாள் போனில் தேடிப் படித்தேன். படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

யூசுப் பாய் இஞ்சினுக்குக் காற்று போகிற குழாய்க்குள் விரலை விட்டார். நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். தாரிணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், தனக்காகத்தான் பதறுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

விரலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு பொட்டு மண் இல்லை.

அப்புறம் பிரித்துப் போட்டிருந்த இஞ்சினின் அடியிலிருந்து உடைந்த பேரிங் ஒன்றை எடுத்து, வீடியோ காலில் இருந்த கம்பெனி ஆளிடம் காட்டினார். அந்த ஆள் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"டென்ஷன் நக்கோ, கவலையே படாதீங்க மேடம். பேரிங் கோளாறு, கம்பெனி தப்பு. எல்லாம் வாரண்டியில வந்துரும். ரேஸுக்கு முன்னாடி வண்டி உங்க கையில."

தாரிணி கடைக்குள்ளேயே ஒரு குதி குதித்தாள். நான் அங்கே அடுக்கியிருந்த டயர்களின் மேல் பொத்தென்று உட்கார்ந்தேன். அப்பாடா!

வெறும் ஸ்பாஞ்சைத் தாண்டி மண் எப்படிப் போகாமல் இருந்தது? சரஸ்வதி காப்பாற்றிவிட்டாள், அவ்வளவுதான். செத்தாலும் இதை வெளியே சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். லோத்குண்டா சிக்னலில் நின்றபோது லேசாகத் தலையைத் திருப்பினாள்.

"முரளி, அடுத்த ஆயுத பூஜைக்கு அந்த ஸ்பாஞ்சைத் துவைக்காதே. நீ பொரி கடலை கலக்க உள்ள போனப்பவே எண்ணெய் போட்ட வேற ஒண்ணை மாத்திட்டேன். ஆசையா செஞ்சிருந்தே, சொன்னா முகம் வாடிருமேன்னுதான் சொல்லல."

பச்சை விழுந்தது. நல்லவேளை, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று வாரமாக அவள் என் தப்பு, என் தப்பு என்று அழுதபோதெல்லாம், தலையைத் தடவிக் கொடுத்து, பரவாயில்லை விடு, மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.