கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள்

சலவைக்கூடத்தில் உலர்த்தும் இயந்திரம் தடதடவென்று அதிர்கிறது. அந்த அதிர்வு அவள் பல்லுக்குள் இறங்குகிறது. ஈர விரிப்புகளின் ஆவிக்கு நடுவே மேற்பார்வையாளர் முன்னால் நிற்கிறாள். கேட்க வந்தது ஒன்றுதான். இந்த இரைச்சலை விட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், துணி மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட வேண்டும். அங்கே முக்காலி காலியாகத்தான் கிடக்கிறது. தனக்கு ஆட்டிசம் என்பதையும் சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கிறார். "யாருகிட்ட கதை விடுறே? எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதுதான். ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். நீ என் கண்ணைப் பார்த்துல்ல பேசுறே." துணி வண்டி தள்ளிக்கொண்டு போகும் அக்கா வண்டியை நிறுத்துகிறாள். "அந்த மாதிரி ஆளுங்க கணக்குல புலியாமே சார். இவளுக்கு ஏழாம் வாய்ப்பாடே தகராறு." சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவள் அவர் கண்களையே பார்க்கிறாள். இந்தப் பார்வை சும்மா வந்ததில்லை. அம்மா தாடையை இறுக்கிப் பிடித்து, "மூஞ்சியைப் பார்த்துப் பேசுடி, இல்லேன்னா எவனும் வேலை தரமாட்டான்" என்று வருடக்கணக்கில் பழக்கியது. இன்றைக்கும் ஒருவர் கண்ணைப் பார்ப்பது அவளுக்குச் சூடான இஸ்திரிப்பெட்டியில் கை வைப்பதுதான். வெளியே யாருக்கும் கொப்புளம் தெரிவதில்லை. இயந்திரம் மறுபடி உறுமுகிறது. கையிலிருக்கும் ஈரத்துணியை முறுக்குகிறாள். தண்ணீர் செருப்பில் சொட்டுகிறது. பார்வையை மட்டும் எடுக்கவில்லை. அவர்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

"என்னடி முறைக்கிறே? போ, போய் மெஷினைப் பாரு."