சிவப்பு நூல் கட்டிய காய்

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் சவுரிராயன் காயைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

யோசித்துச் செய்த காரியம் இல்லை. யோசித்திருந்தால் லுங்கி மடிப்பில் செருகியிருப்பான்.

எட்டிப் பார்த்தால், படியேறி வந்தது எதிர்வீட்டு ஏட்டம்மா கலையரசி. காக்கி உடுப்பு, தொப்பி, எல்லாம் இருந்தது. உறைமோர் கேட்க யாரும் தொப்பி போட்டுக்கொண்டு வருவதில்லை.

மாடி முழுக்கப் பைகளில் பாப்பி பூத்து நின்றது. சிவப்பு, ரோஜா நிறம், வெளுத்த ஆரஞ்சு. அழகுக்கு வளர்க்கிற ஜாதி. போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சவுரிராயனுக்குத் தெரியும். செடிக்கும் தெரியும். மூன்றாவதாக யாருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி.

நேற்று கிளினிக்கில் கூட வேலை பார்க்கும் பானுப்ரியா போனை நீட்டி, எங்கோ ஒருவனைப் போலீஸ் அவன் மாடித் தோட்டத்தோடு சேர்த்துப் பிடித்துப்போன வீடியோவைக் காட்டினாள். "உன் செடியும் இப்டித்தான இருக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவளுக்கென்ன, சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பூவைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். காய்தான் ஆபத்து. அபின் எடுக்கிற கசகசாக் காய் எப்படியிருக்கும் என்று போலீஸுக்குத் தெரியும். இதுவும் அச்சு அசல் அப்படியே, கொஞ்சம் சின்னதாக இருக்கும்.

அந்தக் காய்க்காக அவன் இரண்டு பனிக்காலம் பட்ட பாடு கொஞ்சமில்லை. திண்டிவனத்தில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளன் அவன். டாக்டர் கழித்துப்போட்ட இடுக்கி ஒன்று அவனிடம் இருந்தது. மொட்டு விரியும் முன்பே அதைப் பிளந்து, மகரந்தத் தண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவான். வேறு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவுவான். தேனீ வந்து கெடுக்காமல், காயத்துக்குக் கட்டும் காஸ் துணியில் சின்னப் பை தைத்து மாட்டி, பச்சைக்கு நடுவே பளிச்சென்று தெரியட்டும் என்று சிவப்பு நூலால் கட்டுவான். எதோடு எதைச் சேர்த்தோம் என்பது மறக்காமலிருக்கப் பையில் ஒரு அட்டை. விதைப் பாக்கெட்டில் இருந்த இங்கிலீஷ் பேர்கள் மனதில் நிற்கவில்லை. அதனால் தெரிந்த பேர்களாக வைத்துக்கொண்டான்.

அவனுக்கு மழைமேக நிறத்தில் ஒரு பூ வேண்டும். திண்டிவனத்தில் மழைமேகத்தை வேறு எப்படி வரவழைப்பது.

பிடித்தது ஒரே காய். செடிகளைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் போகட்டும், விதை தப்பினால் மேகம் தப்பும்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டான். முற்றிய பாப்பிக்காய் மூடிக்குக் கீழே தானாகவே ஓட்டை விட்டுக்கொள்ளும். மல்லாட்டைப் பருப்பளவு காய் நாக்கில் உருண்டு, பொடி மணலாக விதையைக் கொட்டியது.

கலையரசி மேலே வந்து நின்றாள்.

செடிகளை அவள் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள். கையில் சிவப்பு நூல் தொங்கும் காலிப் பை.

அவளுடைய வலது கை இறுக்கி மூடியிருந்தது. மூடிய கைக்குள் விலங்கு அடங்காது என்று தேற்றிக்கொண்டான். விலங்குச் சாவி அடங்கும் என்று தோன்றியதும் அந்தத் தேறுதலும் போயிற்று.

"வாயில என்ன தம்பி?"

தினமும் ஊர்சனத்தை வாயைத் திறக்கச் சொல்கிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். எச்சில் ஊறியது. விதைகள் நாக்கின் பின்பக்கமாக நகர ஆரம்பித்தன.

அவள் படிப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்டேஷன்ல யாருக்கும் சொல்லல" என்றாள், குரலைத் தாழ்த்தி.

சொல்லிவிட்டு வருகிற போலீஸைவிடச் சொல்லாமல் வருகிற போலீஸ் மோசம்.

"உடுப்போட போனா அண்டாதுன்னாங்க. அதான் லீவு நாள்லயும் இத மாட்டிக்கினு வந்தேன்."

எது அண்டாது என்று அவனுக்குப் புரியவில்லை.

"எங்க மாடியிலர்ந்து போன்ல பெருசு பண்ணிப் பார்த்துட்டேன். என் பேரையும் எங்க மாமியார் பேரையும் சேத்து எழுதி, செவப்பு நூலு கட்டி வச்சிக்கினு இருக்க. அன்னிலர்ந்து தூக்கமே இல்ல தம்பி. ஒரே பேஜாரா கீது."

சவுரிராயன் அட்டையைப் பார்த்தான்.

கலையரசி × லட்சுமியம்மாள்.

எந்தக் காற்றுக்கும் வளையாமல் விறைப்பாக நின்ற செடிக்கு எதிர்வீட்டு ஏட்டம்மாவின் பேர். வெளுத்துப்போய் எந்நேரமும் சிலிர்த்துக்கொண்டிருந்ததற்கு அவள் மாமியாரின் பேர். மரியாதைக்குத்தான் வைத்தான்.

அவள் வலது கையை விரித்தாள். குங்குமம் அப்பிய எலுமிச்சம்பழம்.

"திருவக்கரை அம்மன் காலடியில வச்சது. மாமியார் பேரு வேணா இருக்கட்டும். என் பேரை மட்டும் அவுத்துடு."

அக்கா, அது பூ. வெறும் பூ.

அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொல்ல வாய் காலியாக வேண்டும். விதையைப் பத்திரமாகத் துப்பிக்கொள்ள, அவள் பேர் தொங்கும் பையை அவசரமாக வாய்க்குக் கொண்டுபோனான்.

"வேணாம் தம்பி" என்று அலறினாள்.

அந்த அலறலில் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மழைமேகம் மொத்தமும் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

அவன் தொண்டை ஏறி இறங்கியதைக் கலையரசி பார்த்தாள். பிறகு, அவனுக்கு முதுகைக் காட்டாமல், சுவரைத் தடவித் தடவிப் பின்பக்கமாகவே படியிறங்கினாள்.

அவள் கையிலிருந்து நழுவிய எலுமிச்சம்பழம் உருண்டு வந்து அவன் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அதைத் தாண்டி நடக்கச் சவுரிராயனுக்குப் பயமாக இருந்தது.